கல்மழைக்கு முந்திப் போன வண்டி

கங்கப்பன் சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர். அசாமிலிருந்து பர்மா எல்லைவரை சேற்றிலும் மலைவளைவிலும் ஓட்டியவர். சண்டை முடிந்து திரும்பியதும், அஞ்செட்டிக் காட்டில் குத்தகை எடுத்திருந்த ஒருவரிடம் வேலை கிடைத்தது. நாட்றாம்பாளையத்துப் பக்கம் மூங்கில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கி வரவேண்டும். ஏறக்குறைய பத்து வருஷம் அதையே செய்தார். பேச்சு அதிகம் கிடையாது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வேண்டிய அளவுக்குப் பேசுவார். பட்டாளத்து இந்தியும் கொஞ்சம் உண்டு.

ஊர் கெம்பேபள்ளி. கெலமங்கலத்திலிருந்து இராயக்கோட்டை போகிற சாலையை விட்டு மண்பாதையில் உள்ளே போகவேண்டும். ஊருக்குக் கிழக்கே, ஏரிக்கரைக்கு அந்தாண்டை இருந்த சேரியில் அவர் வீடு. மனைவி செல்லி, தீர்த்தகிரியின் மாந்தோப்பிலும் ராகிக் கொல்லையிலும் கூலிக்குப் போவார். தீர்த்தகிரிதான் அந்த ஊரில் பெரிய நிலக்காரர். செல்லியின் அண்ணன் கரியப்பன் அவரிடமே வண்டிமாடு ஓட்டினார்.

ஐம்பத்தாறாம் வருஷம், ஓசூருக்குத் தெற்கே ஒரு மொட்டைக் கரட்டின்மேல் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் வந்து ஒரு ரேடாரை நிறுத்தினார்கள். சண்டையில் விமானம் தேட வைத்திருந்த பழைய ரேடார். லாரியின் முதுகில் பெரிய இரும்புத் தட்டு ஒன்று சுற்றிக்கொண்டும் மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டும் இருக்கும். அவர்கள் அதை வைத்து விமானம் தேடவில்லை. மேகம் தேடினார்கள். சித்திரை, வைகாசியில் அந்த மேட்டுநிலத்தில் மத்தியானத்துக்கு மேல் மேகம் கோபுரம்போல் எழும்பும். பல நாள் இடி மின்னலோடு கல்மழை கொட்டும். அந்தக் கல், மேகத்துக்குள் எப்படிப் பிறந்து எப்படிப் பெரிசாகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

அதற்கு ரேடார் மட்டும் போதாது. ரேடாரில் மேகத்தின் வயிற்றுக்குள் இருப்பது பச்சை வெளிச்சமாகத் தெரியும். கீழே விழுகிற கல்லையும் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்த வெளிச்சத்துக்கு அர்த்தம் புரியும். ஆகவே ஒரு ஜீப் வேண்டும், கெட்ட பாதையில் வேகமாக ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விசாரித்தார்கள். குத்தகைக்காரரே கங்கப்பனைச் சொன்னார்.

கோவிந்தப்பன் என்பவர்தான் அந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பு. காவேரிப்பட்டினத்து மாங்காய் வியாபாரி ஒருவரின் மகன். பெங்களூரில் பௌதிகம் படித்தவர். முதல் நாளே கங்கப்பனை "வாங்க, உட்காருங்க" என்றார். கங்கப்பனுக்கு அது பழக கொஞ்ச நாள் பிடித்தது.

வேலை இப்படி நடந்தது. கரட்டின்மேல் நாராயணப்பன் என்பவர் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மேகத்தின் தலை வேகமாக உயர்ந்து, உயரத்திலேயே வெளிச்சம் கெட்டியாகச் சேர்ந்தால், அங்கே கல் வளர்கிறது என்று கணக்கு. உடனே ஜீப்பில் இருக்கும் ஒயர்லெஸ்ஸில் சொல்வார். "கெலமங்கலத்துக்குக் கிழக்கே, பழைய ரயில் பாதையைத் தாண்டி" என்பார். கோவிந்தப்பன் பக்கத்தில் உட்கார, கங்கப்பன் வண்டியை விரட்டுவார். பின்னால் மரப்பெட்டி ஒன்று. அதற்குள் தகரப்பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஐஸும் உப்பும். கல் விழுந்ததும் பொறுக்கித் தகரப்பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும். உருக விட்டால் அன்றைய வேலை வீண்.

ஒருமுறை மேகத்தைத் துரத்திக்கொண்டு மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கமே போய்விட்டார்கள். திரும்பி வரும்போது மதுவிலக்குச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பெட்டியில் என்ன என்று போலீஸ்காரர் கேட்டார். கல்மழைக் கல் என்றார் கங்கப்பன். அவர் நம்பாமல் மூடியைத் திறந்து, சாராய பாட்டில் தேடி, கையை விட்டு அளைந்து பார்த்தார். பிறகு ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "போங்க" என்றார். கோவிந்தப்பன் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தார். கரடு ஏறும்போதுதான் சிரித்தார்.

முதல் வருஷக் கோடையிலேயே ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ஜனங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறது. தோப்போரம் நிற்கிறது. இரண்டு பேர் இறங்கி வானத்தைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கல் விழுகிறது. ஒரு ஊரில் நடந்தால் தற்செயல் எனலாம். ஊருக்கு ஊர் நடந்தது. வண்டி வந்தும் கல் விழாத நாட்கள் நிறைய உண்டு. அவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. கரட்டின்மேல் சுற்றுகிற தட்டு கல்லைச் செய்கிறது, ஜீப் அதைக் கொண்டுவந்து இறக்குகிறது என்று கதை முடிந்துபோயிற்று.

ஐம்பத்தேழு சித்திரையில் தீர்த்தகிரியின் தோப்பில் பிஞ்சில் பாதி கல்லடிபட்டு உதிர்ந்தது. அன்றும் ஜீப் வந்திருந்தது. மறுநாள் காலை செல்லி வேலைக்குப் போனபோது, தோப்பு வாசலிலேயே தீர்த்தகிரி நிறுத்திவிட்டார்.

"நீ வராதே செல்லி. உன் புருசன் வண்டி வந்தா கல்லு விழுது. அந்த வேலையை விட்டுட்டு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்."

செல்லி வீட்டுக்கு வந்து கூடையை மூலையில் போட்டார். சாயங்காலம் கங்கப்பன் வந்ததும் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு மாமா. அந்தத் தட்டு என்னதான் செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. பார்க்குது, அவ்வளவுதான். மேல மேகத்துக்குள்ள ஐஸ் வளருது. அது வளர்றது இங்க படத்துல தெரியுது. எங்க விழும்னு ஒரு யோசனை பண்ணி முன்னாடி ஓடறம்."

"இந்த வெயில்ல மேல ஐஸா?"

"மேல போகப் போக குளுராம். சார் சொல்றாரு, நமக்குப் பெய்யிற மழையே பாதி மேல ஐஸாப் பொறந்து, வர்ற வழியில உருகித்தான் தண்ணியா விழுதாம். அது உருகற இடம்கூட படத்துல ஒரு கோடு மாதிரி தெரியும். நானே பார்த்தன்."

செல்லி அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"அப்ப எங்க விழும்னு முன்னாடியே தெரியுது உங்களுக்கு."

"ஓரளவுக்கு."

"தெரிஞ்சும் வாயைத் தொறக்காம வந்து நின்னு, விழுந்ததும் பொறுக்கிட்டுப் போறீங்க. அதைப் பார்க்கிறவன் வேற என்ன நினைப்பான்?"

மறுநாள் கங்கப்பன் அதை அப்படியே கோவிந்தப்பனிடம் சொன்னார். அவர் மறுக்கவில்லை. ஆனால் தயங்கினார்.

"ரேடாருக்குக் கல்லுக்கும் கனமழைக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது, கங்கப்பன். தலை எவ்வளவு உயரம் போகுதுன்னு பார்த்து ஊகிக்கிறோம். பாதி நாள் தப்பாப் போகுது. ஓடுங்கன்னு சொல்லி ஒண்ணும் விழலைன்னா, மறுதடவை நம்ம பேச்சு எடுபடாது. இன்னும் ரெண்டு வருஷம் பார்த்தா ஏதாவது தெளிவாகலாம்."

"ரெண்டு வருசம் என் சம்சாரம் வீட்ல உட்காரணுங்களா சார்?" என்றார் கங்கப்பன். கோபமாகச் சொல்லவில்லை. கோவிந்தப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாராயணப்பன், ரேடாருக்கு மின்சாரம் தருகிற எஞ்சினில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

வைகாசி பிறந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம். காற்றே இல்லை. கிழக்கே மேகம் எழும்பி, அதன் தலை பக்கவாட்டில் கொல்லன் பட்டறைக்கல்போல் விரிந்திருந்தது. ஒயர்லெஸ்ஸில் நாராயணப்பனின் குரல் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. இதுவரை இவ்வளவு உயரம் போன மேகத்தைப் பார்த்ததில்லை என்றார். இடம் சொன்னார். கெம்பேபள்ளி.

மண்பாதையில் திரும்பி ஊர் எல்லைக்கு வந்தபோது, பாதைக்குக் குறுக்கே மாட்டுவண்டி நின்றது. இரண்டு பக்கமும் கள்ளிவேலி. ஒதுங்கிப் போக வழியில்லை. மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டியிருந்தார்கள். தீர்த்தகிரியும் ஊர் ஆட்கள் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். வண்டிப் பக்கத்தில் கரியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வண்டியைக் குறுக்கே போடச் சொன்னது தீர்த்தகிரி, போட்டது கரியப்பன் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

கங்கப்பன் இறங்கினார். "ஐயா, வழி விடுங்க."

"உன்மேல கோபமில்லடா கங்கப்பா. நீ நடந்து வா, வேணாங்கல. வண்டி ஊருக்குள்ள வரக்கூடாது."

"வண்டி வந்தாலும் வராட்டியும் கல்லு விழப்போகுது. இது பெரிய மேகம். தோப்புல ஆளுங்க இருந்தா வீட்டுக்கு அனுப்புங்க."

"அதைத்தான் சொல்றன். வண்டியைத் திருப்பிட்டுப் போ, விழாது."

கோவிந்தப்பனும் இறங்கி வந்து பேசிப் பார்த்தார். தீர்த்தகிரி அவருக்கு மரியாதையாகத்தான் பதில் சொன்னார். ஆனால் மாட்டுவண்டி நகரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மங்கிப் பச்சையாயிற்று. குளிர்காற்று ஒன்று வேலியை அடித்துக்கொண்டு வந்தது. முதல் கல் ஜீப் மூடியின்மேல் விழுந்து எகிறியது. எலுமிச்சம்பழ அளவு. அடுத்தது அதைவிடப் பெரிது.

அங்கே மரமில்லை, சுவரில்லை. ஆட்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தார்கள். கங்கப்பன் பட்டாளத்துக் குரலில் கத்தினார். "ஓடாதீங்க. ஜீப்புக்கு அடியில பூருங்க." தீர்த்தகிரியின் தோளைப் பிடித்துத் தள்ளிக் குனிய வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் உருட்டிவிட்டார். நாலைந்து பேர் அடியில் நுழைந்தார்கள். மற்றவர்கள் மாட்டுவண்டிக்குக் கீழே போனார்கள். கோவிந்தப்பன், கல் அள்ள ஜீப்பில் வைத்திருந்த இரும்பு வாணலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கல் பொறுக்கினார். கங்கப்பன் அவரையும் இழுத்து உள்ளே போட்டார்.

ஜீப்புக்கு அடியில் எண்ணெய் நாற்றம். மேலே தகரம் உடைகிறமாதிரி சத்தம். தீர்த்தகிரியின் தலை கங்கப்பனின் கைமேல் கிடந்தது. அவர் வீட்டு வாசலைக் கங்கப்பன் ஒருநாளும் மிதித்ததில்லை. மிதிக்க விட்டதில்லை. கையை எடுக்க இடமில்லாததால் இரண்டுபேரும் அப்படியே கிடந்தார்கள்.

"வண்டி ஊருக்குள்ள வரலீங்களே ஐயா," என்றார் கங்கப்பன்.

தீர்த்தகிரி சொன்னார், "எல்லை வரைக்கும் வந்துடுச்சே."

அப்போதுதான் மாடுகள் கத்தின. கட்டிப்போட்டிருந்த மாடுகள் அடி தாங்காமல் துள்ளின. கரியப்பன் மாட்டுவண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கயிற்றை அவிழ்க்கப் போனார். ஒன்றை அவிழ்த்தார். மற்றது மிரண்டு சக்கரத்தோடு இழுத்ததில் வண்டி உருண்டது. கீழே இருந்தவர்கள் சிதறினார்கள். சக்கரம் கரியப்பனின் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது.

கங்கப்பன் மழையிலேயே ஓடி மச்சானைத் தூக்கி வந்தார். ஒரு கல் அவர் காதோரம் பட்டு ரத்தம் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கல்மழை வந்த வேகத்தில் நின்றது. தரையெல்லாம் வெள்ளை. மாவிலையும் கள்ளியும் நைந்த வாசனை. கரியப்பனின் கால் எலும்பு உடைந்து தோலுக்கு வெளியே தெரிந்தது.

ஓசூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். ஜீப்பின் பின்பக்கம் ஐஸ்பெட்டியும் கருவிகளும் அடைத்திருந்தன. கங்கப்பன் கோவிந்தப்பனைப் பார்த்தார். அந்த இரண்டு வருஷத்தில் அவர்கள் கண்டதிலேயே பெரிய கற்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. ரேடார் கரட்டிலிருந்து அந்த மேகத்தை ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நாளில் கிடைப்பது அபூர்வம். கோவிந்தப்பன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இருவரும் இறக்கிப் பாதையில் வைத்தார்கள். கருவிகளையும் இறக்கினார்கள்.

"நான் இங்கே இருக்கேன். நீங்க போங்க," என்றார் கோவிந்தப்பன்.

தீர்த்தகிரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் கரியப்பனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது தலைப்பக்கத்தை அவர்தான் பிடித்தார். டாக்டர் காலை எடுக்க வேண்டியிருக்காது என்று சொல்லும்வரை அங்கேயே நின்றார்.

இதற்குள் கெம்பேபள்ளியில் கோவிந்தப்பன் பெட்டியை எங்கே வைப்பது என்று தவித்தார். பெட்டியில் இருந்த ஐஸ் பாதி கரைந்திருந்தது. தீர்த்தகிரியின் மனைவி சரோஜம்மாள் விஷயம் கேட்டுவிட்டு எல்லைக்கே வந்தார். பக்கத்துக் களத்தில் இருந்த ராகி வைக்கோற்போரில் ஒரு பக்கம் பிடுங்கச் சொன்னார் கோவிந்தப்பன். பாதையில் கிடந்த கற்களையே அள்ளி, உப்பும் சேர்த்துப் பெட்டியைச் சுற்றி நிரப்பி, போருக்குள் புதைத்து, மேலே சாக்குப் போட்டு மூடினார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தோப்பில் பெண்கள் உதிர்ந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தப்பனும் ஒரு கூடையை வாங்கிக்கொண்டு இறங்கினார். அண்ணனைக் கொண்டுபோன பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் செல்லியும் அங்கே வந்திருந்தார். அன்றைக்கு யாரும் அவரைத் தடுக்கவில்லை. உதிர்ந்த காயை அன்றே பொறுக்கி நறுக்கி உப்புப் போட்டால்தான் ஊறுகாய்க்காவது ஆகும். கை எத்தனை இருந்தாலும் போதாது.

எந்தக் காய் தேறும், எது அழுகும் என்று கோவிந்தப்பன் பார்த்தவுடனே பிரித்துப் போட்டதைக் கண்டு சரோஜம்மாள் ஊர் எது என்று கேட்டார். காவேரிப்பட்டினம் என்றதும் பேச்சு இலகுவாயிற்று. உங்கள் தட்டு இதை முன்னாடியே சொல்லுமா என்றும் கேட்டார்.

"சொல்லும். ஆனா பத்துக்கு அஞ்சு தடவை தப்பும்மா."

"எங்க ஜோசியரு அதுக்கு மேல தப்புறாரு. அவருக்குத் தட்சிணை வேற குடுக்கிறம்," என்றார் சரோஜம்மாள்.

"அப்ப சொல்லிட்டுப் போங்க சார்," என்றார் செல்லி, காய் பொறுக்கிக்கொண்டே. "நம்புறவங்க நம்பட்டும்."

இருட்டுவதற்குள் கங்கப்பன் திரும்பி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டார். கற்கள் உருகவில்லை. அடுத்த வாரம் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில், குளிரூட்டிய அறையில், ஒரு கல்லை இழைத்து இழைத்துக் கண்ணாடிபோல் மெல்லிய வில்லையாக்கி, அதன் பின்னால் விளக்கு வைத்துக் காட்டினார் கோவிந்தப்பன். கங்கப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்தார். வெள்ளை வளையம் ஒன்று, தெளிந்த வளையம் ஒன்று என்று மாறி மாறி இருந்தது. நீர்த்துளி அடர்ந்த இடத்தில் மெதுவாக உறைந்தால் தெளிவாகவும், துளி குறைந்த கடுங்குளிரில் சட்டென்று உறைந்தால் காற்று சிக்கி வெள்ளையாகவும் வளரும் என்றார் கோவிந்தப்பன். அன்று நாராயணப்பன் திரையில் பார்த்த உயரங்களோடு இதைச் சேர்த்து வைத்துப் பார்க்கப்போவதாகவும் சொன்னார். வீட்டுக்கு வந்து செல்லியிடம் கங்கப்பன் சொன்னது ஒரே வரி: "உள்ள வெங்காயம் மாதிரி இருக்குது."

கரியப்பன் ஆவணிவரை கட்டிலில் கிடந்தார். கால் கூடியது, ஆனால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இனி வண்டி ஓட்ட முடியாது என்று தீர்த்தகிரி அவரைத் தோப்புக் காவலுக்கு வைத்துக்கொண்டார். அந்த நாளைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதாக யாரும் கேட்டதில்லை. செல்லிக்குக் கூலிவேலை திரும்பக் கிடைத்தது. தீர்த்தகிரி மனம் மாறியதாகச் சொல்ல முடியாது. ராகி அறுப்புக்கு ஆள் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் கங்கப்பனை 'டா' போட்டுக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

ஐம்பத்தெட்டுக் கோடையில் கங்கப்பன் ஊர்களைத் தாண்டும்போது, கல் வரப்போகிறது என்று தெரிவிக்க, ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டே போனார். கோவிந்தப்பன் தடுக்கவில்லை. ஒருமுறை இராயக்கோட்டைப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டு ஆடுகளைப் பட்டியில் அடைத்தவர்கள், கல் நின்ற பிறகு சாலைக்கே வந்து மோர் கொடுத்தார்கள். இன்னொருமுறை கல்யாணப் பந்தலைக் கலைத்து, பந்தியைக் கோயிலுக்குள் மாற்றினார்கள். ஆனால் ஒரு கல்லும் விழாமல் வெயில் சுள்ளென்று அடித்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் கரடு ஏறி வந்து அரைமணி நேரம் திட்டிவிட்டுப் போனார். கோவிந்தப்பன் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

ஐம்பத்தொன்பதில் கோடைமழையே இல்லை. மேகம் எழும்பும், கலையும். ஏரி வறண்டு வெடித்தது. ஒருநாள் தீர்த்தகிரி கரட்டுக்கே வந்து கங்கப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வண்டியை ஒருதடவை நம்ம ஊர்ப்பக்கம் ஓட்டிட்டு வாப்பா. கல்லு விழுந்தாலும் பரவாயில்லை. கூட கொஞ்சம் மழை வருமில்ல."

"அது அப்படி இல்லீங்க ஐயா," என்று கங்கப்பன் ஆரம்பித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஜீப்பை ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டினார். மழை வரவில்லை. அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ரேடாருக்குள் இருந்த கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகப் போயின. மாற்று கிடைக்கவில்லை. கரட்டைக் காலி செய்தார்கள். கோவிந்தப்பன் சொல்லி, கங்கப்பனுக்கு ஆராய்ச்சிக்கூடத்திலேயே டிரைவர் வேலை நிரந்தரமாயிற்று. குவார்ட்டர்ஸ் கிடைத்தது. தை மாதம் செல்லியும் பெங்களூர் போனார். கொஞ்சதூரத்தில் ஒரு தொழிற்சாலையில் கம்பிச்சுருள் சுற்றுகிற வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். வாசலில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். கன்னடம் தெரியுமா என்று கேட்டார்களாம். தெரியும் என்றாராம். திங்கட்கிழமை வரச்சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கங்கப்பன், தொழிற்சாலை பஸ் நிற்கிற இடத்தைக் காட்ட அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.